ஜெனடிக் கவுன்சிலர் ஆக எந்தப் படிப்பு? சென்னையிலிருந்து கிளம்பும் வழிகள், ஓர் ஒப்பீடு

பயோடெக்னாலஜியோ விலங்கியலோ செவிலியமோ, ஏதோ ஒரு பட்டம் கையில் இருக்கிறது. ஆய்வகத்தில் பிப்பெட் பிடித்து நிற்பதைவிட நோயாளிக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது பிடித்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு சென்னை மாணவர் ஜெனடிக் கவுன்சிலராக, அதாவது பரம்பரை நோய்கள் பற்றிக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்பவராக, நினைத்தால் நான்கு வழிகள் உண்டு. வெளியூர் போய் இந்தியாவிலேயே கவுன்சிலிங்குக்கென்று உள்ள எம்.எஸ்சி. படிக்கலாம். சென்னையில் மரபியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு மருத்துவமனையில் பயிற்சி பெறலாம். சில மாதச் சான்றிதழ்ப் படிப்பில் சேரலாம். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று போகலாம். எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு ஐந்தாவதாக ஒரு வழி உண்டு: குழந்தை மருத்துவம், மகப்பேறு போன்ற ஒரு துறையில் மேற்படிப்பு, அதன் பிறகு நீட் எஸ்.எஸ். நுழைவுத்தேர்வு எழுதி மூன்றாண்டு டி.எம். மெடிக்கல் ஜெனடிக்ஸ். அது மருத்துவ மரபியலாளருக்கான பாதை என்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். படிப்பின் பெயரையும் கல்லூரியின் புகழையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்க, மாணவர் தானே ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து நடத்தும் அமர்வுகள் எத்தனை என்பதுதான் முதல் அளவுகோல். எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறோம் என்பது இரண்டாவது. இந்த இரண்டையும் தெளிவாக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வேலை எதைக் கேட்கிறது

அமர்வுகளின் எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம் என்பது, ஓர் அமர்வுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரியும். ஓர் அமர்வு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை போகும். அதில் முதல் வேலை பெடிகிரி வரைவது: மூன்று தலைமுறைக் குடும்பப் படம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு, கலைந்த கருவுக்குச் சிறு முக்கோணம், சொந்தத்தில் மணந்த இருவருக்கு நடுவே இரட்டைக் கோடு. இந்தக் குறிகளை ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். கேட்கத் தெரிய வேண்டும் என்பதுதான் கடினமான பகுதி.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) சொந்தத்தில் திருமணம் தமிழ்நாட்டில் 28 சதவீதம். நாட்டிலேயே மிக அதிகம். ஆனாலும் "சொந்தத்துல கல்யாணமா?" என்று நேரடியாகக் கேட்டால் "இல்லைங்க, ஒரே ஊர்தான்" என்று பதில் வரும். சிலருக்கு மாமன் மகனும் அத்தை மகளும் மட்டுமே சொந்தம். பாட்டி வழியில் இரண்டு படி தள்ளிப் போனால் அது கணக்கிலேயே வராது. அதனால் கேள்வியை மாற்றிப் போட வேண்டும். பெண்ணின் அம்மா பிறந்த ஊர் எது, மாமியார் பிறந்த ஊர் எது, பெண்ணுடைய அம்மா வீட்டுக் குலதெய்வமும் கணவர் வீட்டுக் குலதெய்வமும் ஒன்றா என்று கேட்டால் துப்புக் கிடைக்கும். "எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டால் உயிரோடு இருப்பவர்களை மட்டும்தான் சொல்வார்கள். "பிறந்து தவறினது, கலைஞ்சது, ஏழாம் மாசத்துல போனது ஏதாவது உண்டாம்மா?" என்று தனியாகக் கேட்க வேண்டும். மாமியார் அறையில் இருக்கும்போது மருமகள் முதல் கருச்சிதைவைப் பற்றி வாய் திறக்க மாட்டார். அவரோடு ஐந்து நிமிடம் தனியே பேச ஒரு காரணம் கண்டுபிடிப்பதும் கவுன்சிலரின் வேலைதான். இதையெல்லாம் வகுப்பறையில் சொல்லித் தரலாம். கைக்கு வருவது குடும்பத்தின் முன்னால் உட்கார்ந்து, தடுமாறி, அமர்வு முடிந்ததும் மேற்பார்வையாளர் திருத்தும்போதுதான்.

அடுத்தது கணக்கு. ஓர் இளைஞரின் தம்பிக்கு ஆட்டோசோமல் ரிசஸிவ் வகை நோய், அதாவது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டும் தோன்றும் நோய். இளைஞர் நலமாக இருக்கிறார். மாமன் மகளைப் பேசி முடித்திருக்கிறார்கள். நோய் இல்லாத அண்ணன் கேரியராக (பழுதான மரபணு ஒன்றை நோயில்லாமல் சுமப்பவராக) இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. (நான்கில் இரண்டு என்று எழுதும் மாணவர்கள் நிறைய. அவருக்கு நோய் இல்லை என்று தெரிந்துவிட்டதால் நான்காவது சாத்தியம் கழிந்துவிடுகிறது.) அவருடைய அம்மா நிச்சயமாகக் கேரியர், அம்மாவின் தம்பி கேரியராக இருக்க இரண்டில் ஒன்று, அந்த மாமாவின் மகளுக்கு நான்கில் ஒன்று. ஆக, குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 2/3 × 1/4 × 1/4, அதாவது 24-ல் ஒன்று. அதே இளைஞர் அக்கா மகளை மணந்தால் 18-ல் ஒன்று. உறவில்லாத பெண்ணை மணந்தால், மக்களில் 50 பேருக்கு ஒருவர் கேரியர் என்று வைத்துக்கொண்டால், 300-ல் ஒன்று. கணக்கை முடித்ததோடு வேலை முடியவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்த குடும்பத்திடம் 24-ல் ஒன்று என்பதை எப்படிச் சொல்வது? பெண்ணுக்குப் பரிசோதனை செய்தால் அந்த எண் எப்படி மாறும்? பெண் கேரியர் என்று வந்தால் அந்தச் செய்தி யாருக்குச் சொந்தம்? இவற்றையும் அதே ஒரு மணி நேரத்துக்குள் பேசியாக வேண்டும்.

மூன்றாவது, எந்தப் பரிசோதனை எதைப் பார்க்காது என்று தெரிந்திருப்பது. எக்ஸோம் (மரபணுக்களின் முக்கியப் பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் பரிசோதனை) செய்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பி வரும் குடும்பங்கள் அதிகம். எழுதிக்கொடுக்கும் மருத்துவர்களிலும் அப்படி உண்டு. டூஷேன் தசைநோயில் பெரும்பாலான குடும்பங்களில் பிழை என்பது மரபணுவின் துண்டு விடுபட்டதோ இரட்டித்ததோதான். அதை முதலில், துண்டுகள் கூடினவா குறைந்தனவா என்று எண்ணும் எம்.எல்.பி.ஏ. முறையில் பார்க்க வேண்டும். எஸ்.எம்.ஏ. என்ற தசை நலிவு நோய்க்கு எஸ்.எம்.என்.1 மரபணுவின் பிரதி எண்ணிக்கையைத் தனியாக எண்ண வேண்டும். அறிவுத்திறனைப் பாதிக்கும் ஃப்ரஜைல் எக்ஸ் நோயின் நீண்ட மறுதொடர் (ஒரே மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருவது) சாதாரண எக்ஸோமில் பிடிபடாது. இவை தெரியாத கவுன்சிலர், "ரிப்போர்ட் நார்மல்" என்று ஒரு குடும்பத்தைத் தவறான நிம்மதியோடு அனுப்பிவிடுவார். அடுத்த குழந்தையும் அதே நோயோடு பிறக்கக்கூடும்.

ஒரு படிப்பு இந்த மூன்றையும் உண்மையான குடும்பங்களை வைத்துக் கற்றுத்தருகிறதா என்பதைத்தான் இனி ஒவ்வொரு வழியிலும் பார்க்கிறோம்.

இந்தியாவிலேயே கவுன்சிலிங் எம்.எஸ்சி.

மணிப்பாலில் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் மருத்துவ மரபியல் துறை இரண்டாண்டு எம்.எஸ்சி. ஜெனடிக் கவுன்சிலிங் நடத்துகிறது. ஹைதராபாத்தில் கமினேனி மருத்துவமனை இத்துறையில் முன்னதாகவே பயிற்சி தொடங்கிய இடங்களில் ஒன்று. இப்படிப் பெயரிலேயே கவுன்சிலிங் உள்ள படிப்புகளின் பெரிய பலம், மாணவர் முதல் பருவத்திலிருந்தே மருத்துவ மரபியல் ஓ.பி.யில் இருப்பதுதான். நோயாளியைப் பார்க்கும் மரபியல் மருத்துவர், பரிசோதனை செய்யும் ஆய்வகம், முடிவைச் சொல்லும் அறை மூன்றும் ஒரே வளாகத்தில் இருந்தால், ஒரு குடும்பத்தை முதல் வருகையிலிருந்து கடைசிக் கடிதம் வரை மாணவரால் தொடர முடியும். இதற்கு ஈடு கிடையாது.

சென்னை மாணவர் இங்கே கவனிக்க வேண்டியது மொழி. மணிப்பால் ஓ.பி.யில் கன்னடம், துளு, கொங்கணி, மலையாளம் பேசும் குடும்பங்கள்தான் பெரும்பாலும். தமிழும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்தவர் பல அமர்வுகளில் பார்வையாளராகவே நின்றுவிடக்கூடும். முதல் ஆறு மாதத்தில் பேச்சுக் கன்னடம் கற்கத் தயாராக இருப்பவருக்கு இது தடையில்லை. தயக்கம் உள்ளவர் சேரும் முன் யோசிக்க வேண்டும். ஹைதராபாத்தில் இதே சிக்கல் தெலுங்கோடு. சென்னையில் தெலுங்கு பேசும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது சாதகமாகவே அமையும்.

சேரும் முன் துறைக்கு எழுதிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், ஆனால் அதை முழுதாகக் கேட்க வேண்டும்: ஒரு மாணவர் இரண்டாண்டில் தானே நடத்தும் அமர்வுகள் எத்தனை, அவை எந்தெந்த வகை? "நிறைய கேஸ் வரும்" என்ற பதில் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு ஓ.பி. நாள், நாளுக்கு ஆறு குடும்பம், ஆண்டுக்கு 40 வாரம் என்றால் 480 குடும்பங்கள். முதலாண்டும் இரண்டாமாண்டுமாகச் சேர்த்து 12 மாணவர்கள் இருந்தால் தலைக்கு ஆண்டுக்கு 40, இரண்டாண்டில் 80. அதே ஓ.பி.யில் டி.எம். மாணவர்களும் இருந்தால் அதிலும் பாதி. வட அமெரிக்க அங்கீகாரக் குழுவான ஏ.சி.ஜி.சி., ஒரு மாணவர் நேரடியாகப் பங்கேற்ற அமர்வுகள் குறைந்தது 50 இருக்க வேண்டும் என்று கேட்கிறது. அந்த 50-ஐக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் துறையையும் அளக்கலாம். எல்லாமே குழந்தை மருத்துவ வழக்குகளாக இருந்தாலும் குறைதான். கர்ப்பகாலம், புற்றுநோய், வயது வந்தோர் நரம்பு நோய் மூன்றிலும் சிலவாவது வேண்டும்.

சென்னையில் மரபியல் எம்.எஸ்சி., பிறகு பயிற்சி

போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் மனித மரபியல் எம்.எஸ்சி. உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மரபியல் துறை இருக்கிறது. வீட்டிலிருந்தே போய் வரலாம். பல்கலைக்கழகத் துறை என்றால் கட்டணமும் குறைவு. மூலக்கூறு மரபியல், குரோமோசோம் ஆய்வு, தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றில் அடித்தளம் நன்றாக அமையும். ரிப்போர்ட்டில் ஒரு மரபணு மாற்றம் ஏன், தீங்கற்றது முதல் நோய்க்குக் காரணம் வரையான ஐந்து வகைகளில் "பொருள் தெளிவில்லை" என்ற நடுவகைக்குப் போனது, பெற்றோரின் மாதிரியைப் பரிசோதித்தால் அது ஏன் மேலேயோ கீழேயோ நகரலாம் என்பதை இப்படிப் படித்தவர்கள் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள்.

குறை எங்கே என்றால், பாடத்திட்டத்தில் கவுன்சிலிங் ஒரு தாளாக வரலாம், அமர்வு வராது. எம்.எஸ்சி. முடித்த கையோடு ஆய்வக நிறுவனத்தில் "ஜெனடிக் கவுன்சிலர்" என்ற பெயரிலேயே வேலை கிடைக்கக்கூடும். ஆனால் அந்த வேலையில் பாதி நேரம் மருத்துவர்களுக்கு எந்தப் பரிசோதனை என்று விளக்குவதிலும், விண்ணப்பப் படிவத்தைச் சரிபார்ப்பதிலும், தொலைபேசியில் பத்து நிமிடத்தில் முடிவைச் சொல்வதிலும் போய்விடும். மேற்பார்வை இல்லாமல் இரண்டாண்டு அப்படி ஓடினால், தவறான பழக்கங்கள் உறுதியாக ஊன்றிவிடும். பரிசோதனை வேண்டாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அதையும் மதிப்பதுதான் கவுன்சிலரின் தொழில். விற்பனை இலக்கு உள்ள இடத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு அதைக் காப்பாற்றுவது கஷ்டம். ஆய்வக வேலை மட்டம் என்பதில்லை. அது இரண்டாவது வேலையாக இருக்கட்டும், முதல் வேலையாக வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் எம்.எஸ்சி.யின் நான்காம் பருவ ஆய்வுத்திட்டத்தையே மருத்துவமனையோடு இணைத்துவிட வேண்டும். சென்னையில் வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க் குடும்பங்கள் வருகின்றன. நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவில் விழித்திரைப் புற்று, பரம்பரைக் கண்நோய்கள். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அரிய நோய்களுக்கான மத்திய அரசின் சிறப்பு மையங்களில் ஒன்று. 2021-ன் அரிய நோய்க் கொள்கையின் கீழ் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி இத்தகைய மையங்கள் வழியாகவே போகிறது. மயிலாப்பூர் மெடிஸ்கேன் போன்ற கருநிலை மருத்துவ மையங்களுக்குக் கர்ப்பகால வழக்குகள் வருகின்றன. மாணவரை உள்ளே உட்கார விடுவது அந்தந்தத் துறைத் தலைவரின் முடிவு. கல்லூரித் துறைத் தலைவரின் கடிதம், நோயாளி விவரங்களைக் காப்பதாக உறுதிமொழி, எத்தனை வாரம், எந்த நாட்கள் என்ற தெளிவான கோரிக்கை மூன்றையும் கொண்டுபோனால் கதவு திறக்கும் வாய்ப்பு கூடும். "சார், அப்சர்வர்ஷிப் வேணும்" என்று, கூட உட்கார்ந்து பார்க்கும் அனுமதி கேட்டு வெறுங்கையோடு போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள்.

முழுமையான பயிற்சிக்கு எம்.எஸ்சி.க்குப் பின் குறைந்தது ஓராண்டு, மூத்த கவுன்சிலரோ மருத்துவ மரபியலாளரோ மேற்பார்க்கும் இடத்தில் வேலை தேவை. சம்பளம் குறைவாக இருந்தாலும் அந்த ஓராண்டைத் தவறவிடக் கூடாது. ஆக இந்த வழிக்கு மொத்தம் மூன்றாண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாண்டு என்று நினைத்து வீட்டில் சொல்லிவிட்டால், மூன்றாம் ஆண்டில் "இன்னும் பயிற்சியா?" என்ற கேள்வி வரும். அந்த நெருக்கடியில்தான் பலர் கிடைத்த ஆய்வக வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

குறுகிய காலச் சான்றிதழ்கள்

சில வாரம் முதல் ஓராண்டு வரை, நேரடியாகவும் இணையத்திலும் நிறைய உண்டு. மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், செவிலியர், உளவியலாளர் என ஏற்கெனவே நோயாளிகளைப் பார்ப்பவர்களுக்கு இவை பயன்படும். பி.எஸ்சி. முடித்த ஒருவர் இதை மட்டும் வைத்துக்கொண்டு கவுன்சிலராக முடியாது. பணத்தையும் ஆறு மாதத்தையும் செலவிட்ட பிறகு மருத்துவமனை முதலில் கேட்பது எம்.எஸ்சி. எங்கே என்றுதான்.

வெளிநாடு

அமெரிக்காவில் இத்துறைக்கு நீண்ட வரலாறு. முதல் முதுகலைப் படிப்பு 1969-ல் சாரா லாரன்ஸ் கல்லூரியில் தொடங்கியது. சான்றளிக்கும் வாரியமான ஏ.பி.ஜி.சி.யின் தேர்வை எழுத, ஏ.சி.ஜி.சி. அங்கீகரித்த படிப்பை முடித்திருக்க வேண்டும். இந்திய எம்.எஸ்சி. அதற்குத் தகுதியாகாது. இதைத் தெரியாமல், "முதலில் இங்கே படித்துவிட்டு அமெரிக்காவில் வேலை தேடலாம்" என்று திட்டமிடுபவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் நோயாளிகளைப் பார்க்கும் கவுன்சிலராக வேண்டுமானால் அங்கே மறுபடியும் இரண்டாண்டு படித்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கனவு உறுதியாக இருந்தால் இந்திய எம்.எஸ்சி.யைத் தாண்டி நேராக விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம்.

இடம் கிடைப்பது எளிதல்ல. 2018 முதல் சேர்க்கை 'மேட்ச்' முறையில் நடக்கிறது. நேர்காணல் முடிந்ததும் மாணவர் தன் விருப்ப வரிசையையும் கல்லூரி தன் வரிசையையும் கொடுக்க, கணினி பொருத்துகிறது, முடிவு ஏப்ரலில். பொருத்திய இடம் கட்டாயம். பிறகு வேறு கல்லூரிக்குத் தாவ முடியாது. அதனால் போக விரும்பாத இடத்தை வரிசையில் எழுதவே கூடாது. வெளிநாட்டு மாணவரையே எடுக்காத கல்லூரிகளும் உண்டு. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மதிப்பெண்ணைவிட அமெரிக்கக் கல்லூரிகள் ஆழமாகப் பார்ப்பது, துயரத்தில் இருப்பவரோடு மாணவர் பழகியிருக்கிறாரா என்பது. இதற்குச் சென்னையிலேயே நல்ல இடங்கள் உண்டு. 1986-ல் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு தன்னார்வலர்களைக் கொண்டே இயங்குகிறது. கோட்டூர்புரம் வித்யா சாகரில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளோடும் பெற்றோரோடும் பழகலாம். விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன்பு போய்ச் சான்றிதழ் கேட்பது யாருக்கும் நல்லதல்ல. ஓராண்டு, வாரம் ஒருமுறை என்று போனவரின் கட்டுரையில் அந்த வித்தியாசம் தெரியும். இந்த அனுபவம் இந்தியாவில் படிப்பவருக்கும் அதே அளவு தேவை.

பணக் கணக்கைத் தயங்காமல் போட வேண்டும். பல அமெரிக்கக் கல்லூரிகளில் இரண்டாண்டுக் கட்டணம் மட்டுமே 60,000 டாலரைத் தாண்டும். வாழ்க்கைச் செலவு தனி. 50 லட்சம் ரூபாய் கடனுக்கு 11 சதவீத வட்டியில் பத்தாண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 69,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஏழரை லட்சத்துக்கு மேல் அரசு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும், அதாவது பெற்றோரின் வீட்டுப் பத்திரம். சென்னைக்குத் திரும்பி வந்து இங்குள்ள சம்பளத்தில் இந்தக் கடனை அடைப்பது நடக்காத காரியம். அங்கேயே சில ஆண்டு வேலை செய்தால்தான் கணக்கு நேராகும். அந்த வேலையோ விசாவைப் பொறுத்தது. படிப்பு முடிந்தபின் ஓராண்டு வேலை அனுமதி உண்டு. அது மேலும் 24 மாதம் நீளுமா என்பது, கல்லூரி அந்தப் படிப்பைப் பதிவு செய்துள்ள குறியீடு 'ஸ்டெம்' (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகள்) பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சேரும் முன் அந்தக் குறியீட்டை மின்னஞ்சலில் கேட்டு வாங்க வேண்டும். பல்கலைக்கழக மருத்துவமனை வேலைகள் பலவற்றுக்கு எச்-1பி வேலை விசாவின் குலுக்கலிலிருந்து விலக்கு உண்டு; தனியார் ஆய்வக நிறுவனங்களுக்கு இல்லை. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் கடன் வாங்கும் மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

கனடாவின் கல்லூரிகளும் ஏ.சி.ஜி.சி.யின் கீழ்தான், இடங்கள் மிகக் குறைவு. பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை சம்பளம் கொடுத்து நடத்தும் மூன்றாண்டுப் பயிற்சி இருக்கிறது. அதை நம்பிச் சென்னையிலிருந்து திட்டமிட வேண்டாம். கார்டிஃப், கிளாஸ்கோ போன்ற இடங்களில் சொந்தச் செலவில் முதுகலை படிக்கலாம். ஆனால் பட்டம் கிடைத்தவுடன் கவுன்சிலராகப் பதிவு கிடைக்காது. வேலையில் சேர்ந்து, வழக்குகளின் தொகுப்பைச் சமர்ப்பித்து, அதன்பிறகே பதிவு. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழகமும் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இரண்டாண்டுப் படிப்பு நடத்துகின்றன. அங்கேயும் சான்று பெறுவது பட்டத்துக்குப் பிந்தைய படி. ஆக, "பட்டம் இரண்டாண்டு" என்பதை "சுயமாக இயங்க மூன்று, நான்கு ஆண்டு" என்று படிக்க வேண்டும்.

இந்தியச் சட்டம் எங்கே குறுக்கே வரும்

மருத்துவருக்கும் செவிலியருக்கும் உள்ளது போன்ற கட்டாயப் பதிவு நடைமுறை ஜெனடிக் கவுன்சிலருக்கு இன்னும் இங்கே வேரூன்றவில்லை. போர்டு ஆஃப் ஜெனடிக் கவுன்சிலிங் இந்தியா சான்றளிக்கிறது. அது அரசு உரிமம் ஆகாது, ஆனால் நல்ல மருத்துவமனைகள் மதிக்கும் சான்று. படிப்பில் சேரும் முன்பே அதன் அப்போதைய தகுதி விதியைப் பார்த்துவிட வேண்டும். நான் படிக்கப்போகும் எம்.எஸ்சி. அந்த விதிக்குள் வருமா என்று.

கர்ப்பகாலப் பரிசோதனை சார்ந்த ஆலோசனைக்கு 1994-ன் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் பொருந்தும். ஆலோசனை மையமே பதிவு பெற வேண்டும். அதற்கு மகப்பேறு அல்லது குழந்தை மருத்துவர் ஒருவர், மரபியல் ஆலோசனையில் ஆறு மாத அனுபவமோ நான்கு வாரப் பயிற்சியோ உள்ளவராக, வேண்டும். இல்லையென்றால் மெடிக்கல் ஜெனடிசிஸ்ட் ஒருவர் வேண்டும். உயிரியல் அறிவியலில் முதுகலை முடித்து அத்துறையில் இரண்டாண்டுக்குக் குறையாத அனுபவம் உள்ளவரும் அந்த விளக்கத்துக்குள் வருகிறார். எம்.எஸ்சி. முடித்த மறுநாள் தனியாகப் பெயர்ப்பலகை மாட்ட முடியாது என்பது இதன் நடைமுறைப் பொருள். ஊசி வழிப் பரிசோதனைக்கு ஒப்புதல் கர்ப்பிணியுடையது; அவருக்குப் புரியும் மொழியில் எழுதி வாங்கி, ஒரு பிரதியை அவரிடமே கொடுக்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தில் கணவரிடம் கையெழுத்து வாங்கும் இடத்தில் பயிற்சி எடுத்தால், தவறான பாடத்தைக் கற்கிறீர்கள் என்று பொருள்.

காலக்கெடுவும் இங்கேதான் நெரிக்கும். 20-வது வாரம் ஸ்கேனில் குறை தெரிகிறது, அம்னியோ செய்து (கருவைச் சுற்றியுள்ள நீரை ஊசியால் எடுத்து) எக்ஸோம் அனுப்பினால் முடிவு வர மூன்று, நான்கு வாரம். 24 வாரத்தைத் தாண்டினால், கர்ப்பத்தைக் கலைக்க, கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி மருத்துவ வாரியத்தின் முன் போக வேண்டும். எந்த நாளில் எந்தப் பரிசோதனையை அனுப்புவது, சில குரோமோசோம்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து விரைவு முடிவு தரும் கியூ.எஃப். பி.சி.ஆரை முதலில் அனுப்புவதா என்று முடிவெடுக்கும் பழக்கம், இந்தச் சட்டத்தின் கீழ் வேலை செய்யும் இடத்தில் மட்டுமே கிடைக்கும். வெளிநாட்டில் படித்துத் திரும்புகிறவர்கள் இங்கே புதிதாகக் கற்க வேண்டியதும் இதுதான்.

யாருக்கு எது

தமிழ்நாட்டிலேயே நோயாளிகளைப் பார்க்கும் வேலை வேண்டும், இரண்டாண்டு வெளியூரில் தங்க முடியும் என்றால் கவுன்சிலிங் எம்.எஸ்சி.தான் எங்கள் முதல் பரிந்துரை. மொழிச் சிக்கலை ஈடுகட்ட, கோடை விடுமுறைகளில் சென்னை மருத்துவமனை ஒன்றில் தமிழ் அமர்வுகளில் உட்கார வேண்டும். வீட்டுச் சூழல் சென்னையை விட்டு நகர விடவில்லை, அல்லது கட்டணம் பெரிய தடை என்றால் போரூரோ தரமணியோ, அதன்பின் மேற்பார்வையோடு கூடிய ஓராண்டு. இது இரண்டாந்தர வழி ஆகாது. அந்த ஓராண்டைக் கைவிட்டால்தான் இரண்டாந்தரமாகும். ரிப்போர்ட், தரவு, மாற்றங்களை வகைப்படுத்துதல் என்று மனம் போகிறவருக்கு இந்த வழியே முதல் வழி. வெளிநாட்டில் குடியேறும் எண்ணம் உறுதியாக இருந்து, வீட்டை அடமானம் வைக்காமல் பணம் புரட்ட முடிந்தவர் மட்டும் அமெரிக்கா பக்கம் பார்க்கலாம். "அனுபவத்துக்காகப் போய்விட்டுத் திரும்பலாம்" என்பதற்கு இந்தப் படிப்பு மிக அதிக விலை.

எந்த வழியாக இருந்தாலும், முதல் அப்சர்வர்ஷிப் நாளிலிருந்தே ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். தேதி, எதற்காக வந்தார்கள், பார்த்ததா, பகுதி நடத்தியதா, முழுதாக நடத்தியதா, மேற்பார்த்தவர் யார், அவர் சொன்ன திருத்தம் ஒரு வரி. மேற்பார்வையாளரின் கையெழுத்தை அன்றே வாங்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஐம்பது கையெழுத்துக்கு ஒருவரைத் தேடிப் போனால் அவர் வேறு மருத்துவமனைக்கு மாறியிருப்பார்.

இந்தியா, அமெரிக்கா இரண்டுக்கும் விண்ணப்பிப்பவர்கள் தேதிகளை ஒரே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மேட்ச் முடிவு ஏப்ரலில் வரும்போது இந்தியக் கல்லூரி ஒன்றில் முன்பணம் கட்ட வேண்டிய நாளும் நெருங்கியிருக்கலாம். கட்டிய பணம் எந்தத் தேதிவரை திரும்பக் கிடைக்கும், எவ்வளவு பிடிப்பார்கள், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று சேர்க்கைப் பிரிவிடம் மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.